திருகாணி

கீழே அடகுக்கடை, மேலே பல் வைத்தியர்.
ஹட்டன் பஜாரில் இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு.
கீழே தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
காது லேசாகி மேலே ஏறினேன்.

எனக்கு வாய்தான் உத்தியோகம்.
நீதவான் நீதிமன்றத்தில் தமிழைச் சிங்களத்திலும்
சிங்களத்தைத் தமிழிலும் சொல்கிறவள்,
பத்தொன்பது வருடமாக.
கினிகத்தேனை வளைவில் பஸ் பிரேக் பிடித்த அன்று
முன்பல் இரண்டும் கம்பியோடு போயின.
பிறகு கழற்றி மாட்டும் பல்செட்.
ஒருநாள் கூண்டில் நின்றவர் "சத்தியமா" என்றார்.
நான் அதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள்
செட் நழுவி மேசையில் விழுந்தது.
பொலிஸ்காரர் எடுத்துத் தந்தார்,
தடயப்பொருள் மாதிரி, இரண்டு விரலால்.

டொக்டர் நிலூஷா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
"பல் போனா எலும்பும் போகும், மிஸ்.
வேலை இல்லாத இடத்தில அது நிக்காது.
முதல்ல எலும்பு போடணும்."
என்ன எலும்பு?
"மாடு." கொஞ்சம் யோசித்து, "சுத்தம் பண்ணினது."
அன்று வெள்ளிக்கிழமை.
நெற்றியில் திருநீறு காயவில்லை.
வாயைத் திறந்தேன்.

தூளைப் போட்டுத் தைத்தார்கள். ஆறு மாதம்.
கஞ்சி, இடியப்பம், கதைக்காத பின்னேரங்கள்.
என் ஜன்னலுக்கு எதிரே
பழைய தேயிலையைப் பிடுங்கிய சரிவில்
மானாப்புல் வளர்த்திருந்தார்கள்.
மண் தேறிக் கன்று வைக்க
இன்னும் ஒன்றரை வருடமாம்.
எனக்குப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு துளை.
அந்தச் சத்தம் காது வழியாக வருவதில்லை,
மண்டைக்குள்ளேயே பிறக்கிறது.
திருகாணி இரண்டு இறங்கின.
கீழே இரும்புப் பெட்டியில்
என் தோட்டின் திருகாணி இரண்டு.
நடுவில் ஒரு பலகைத் தளம்.
வட்டி மட்டும் மாதாமாதம் ஏறி இறங்கியது.

பல் பூட்டிய வாரம் ஒரு விறகு வழக்கு.
பொகவந்தலாவை அரியமுத்து,
தோட்டத்துச் சவுக்கில் நான்கு கிளை.
"வெட்டினதுதான் ஐயா. ஒரே மழ.
அடுப்பு எரியணுமே."
ஓர் எழுத்தும் காற்றாகாமல்
ஒரு சொல்லும் சிந்தாமல்
சிங்களத்தில் கொண்டுபோய் வைத்தேன்.
முதல்முறையாக நீதவான்
திருப்பிக் கேட்கவில்லை.
ஒப்புக்கொண்டார் என்று எழுதினார்.
ஆயிரத்து ஐந்நூறு.

அதையும் தெளிவாகத் தமிழில் சொன்னேன்.
அரியமுத்து என் வாயையே பார்த்தார்.
நாக்கு போய்ப் பல்லின் பின்பக்கத்தைத் தடவியது.
வழவழவென்றிருந்தது,
வேறு யாருடையதோ மாதிரி.