நாலு விரல்

பாண்டி பஜார் கடையில் சேர்ந்த முதல் நாள்
சூப்பர்வைசர் சாதிக் அண்ணன்
இரண்டு ஜீன்ஸை மேசையில் விரித்துப் போட்டார்.
இது ஸ்லிம். இது ஸ்கின்னி.
எனக்கு இரண்டும்
ஒரே ஆள் கழற்றிப் போட்டதாகத்தான் தெரிந்தது.

கணுக்கால் வழியாகக் கையை விட்டுக் காட்டினார்.
ஸ்லிம்மில் நாலு விரலும் போயின.
ஸ்கின்னியில் கட்டைவிரலே மல்லுக்கு நின்றது.
"அவ்ளோதாம்மா. நாலு விரல்."

மிச்சத்தை நானே கண்டுபிடித்தேன்.
ஸ்லிம் என்றால் கஸ்டமர் கண்ணாடியைப் பார்க்கிறார்.
ஸ்கின்னி என்றால்
கூட வந்தவர் முகத்தைப் பார்க்கிறார்.
பள்ளிக்கூடத்தில் நான் ஒட்டடைக்குச்சி.
பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஒடிசலான பொண்ணு.
எலும்பு அதே எலும்புதான்,
ரேஷன் அரிசியும் அதேதான்.

ஆடித் தள்ளுபடி முடிந்த திங்கட்கிழமை,
ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்த மதியம்
அவர் வந்தார்.
மனைவியின் கட்டைப்பைக்கு வெளியே
ஸ்கேன் சென்டர் உறை நீட்டிக்கொண்டிருந்தது.
"இருபத்தெட்டு இருக்குமா?"

ஆளை எனக்குப் பிடிபடவில்லை.
குரலைத் தெரிந்தது.
போன தீபாவளிக்கு முப்பத்தாறு கேட்டவர்.
முப்பத்தெட்டுதான் சார் ஏறும் என்றதற்கு
இரண்டாவது மாடி அதிரச் சிரித்தவர்.
கொரட்டூர். பையனுக்கும் சேர்த்து மூன்று எடுத்தார்.

"ஸ்லிம்முக்கும் ஸ்கின்னிக்கும் என்னம்மா வித்தியாசம்?"

எல்லாரும் கேட்பதுதான்.
நாலு விரல் என்று வாய்வரை வந்தது.
அந்த இரண்டையும்
முதன்முதலாகப் பார்க்கிறவர்கூடச் சொல்லிவிடலாம்,
டிக்கெட் கிழிக்கிறவர்போல.
நம்மிடம் இன்னொரு சொல் இருக்கிறது.
அதைச் சொல்ல
முன்னால் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

"இளைச்சிட்டீங்க சார்."

டிரெய்னிங்கில் சொல்லியிருக்கிறார்கள்,
உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது.
மனைவி ஒரு ஹேங்கரை எடுத்து
எடுத்த இடத்திலேயே மாட்டினார்.
அவர் என் பேட்ஜைப் படித்தார்.
"நீதான அந்த முப்பத்தெட்டு?"
சிரித்தார். மாடி அதிரவில்லை.

ஸ்லிம்மில் முப்பது எடுத்துக் கொடுத்தேன்.
டிரையல் ரூம் கதவைத் திறந்து
இடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.
"லூசா இருக்கேம்மா."
"இருக்கட்டும் சார்" என்றேன்,
ஜூன் மாதம் யூனிஃபார்ம் எடுக்கிற அம்மாக்கள்
பிள்ளைகளிடம் சொல்கிற குரலில்.
மனைவி பெல்ட் பக்கம் நடந்தார்.
முதுகு மட்டும் தெரிந்தது,
கொஞ்சநேரம் அங்கேயே நின்றார்.

பில்லில் அச்சாகி வந்தது:
இடுப்பு முப்பது, ஃபிட் ஸ்லிம்,
மாற்றிக்கொள்ளப் பதினைந்து நாள்.
பேனாவை வாங்கி
பதினைந்தை அடித்துவிட்டு
தீபாவளி வரைக்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

சாதிக் அண்ணனிடம்
இன்னும் சொல்லவில்லை.