தபசில்

நீதிமன்றம் எனக்குக் கொடுத்தது
ஓர் உத்தரவு, ஒரு சர்வேயர், நாலாயிரம் ரூபாய்.
கோனாப்பட்டில் ஒரு தெருவில் தொடங்கி
மறு தெருவில் முடிகிற வீடு.
வாதிகள் பதினொருவர், பிரதிவாதிகள் இருபத்தாறு பேர்.
அதில் மூவர் இறந்துவிட்டார்கள்,
ஒருவர் ஈப்போவில், பதில் போடுவதில்லை.

நிலைக்கதவில் கஜலட்சுமி.
இரண்டு யானைகளில் ஒன்றுக்குத் தும்பிக்கை இல்லை.
சேதம் சிறிது, என்று எழுதினேன்.
சாவியை மூன்று முறை சுற்றவேண்டும்.
மூன்றாவது சுற்றில்
பூட்டுக்குள் எங்கோ ஒரு மணி அடித்தது.

சர்வேயர் ராசப்பா டேப்பின் நுனியோடு நடந்தார்.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி:
இருநூற்றுப் பதினெட்டு அடி ஆறங்குலம்.
வெயில் எங்களுக்கு முன்பே போய்
வளவில் உட்கார்ந்திருந்தது.
சுற்றிலும் அறைகள், புள்ளிக்கு ஒன்று.
கல்யாணமானவனுக்கு ஓர் அறை, ஒரு பூட்டு,
தனியாக ஓர் அடுப்பு. கணக்கு மட்டும் பொது.
அது எந்த வருஷம் முறிந்தது என்பது
வழக்கின் எண்ணிலேயே இருக்கிறது.

பிறகு தூண்கள். இருபத்துநாலு.
பர்மாத் தேக்கு, என்றது வாதி தரப்பு.
பர்மாத் தேக்கு, என்றது பிரதிவாதி தரப்பு.
இந்த வழக்கில் இருவரும் ஒத்துக்கொண்டது
இது ஒன்றைத்தான்.

குனிந்து பார்த்தால், கல்பீடத்துக்கு மேலே
சுத்தியலால் அறைந்த முத்திரை:
வட்டத்துக்குள் கொக்கி, பக்கத்தில் ஓர் எண்.
பெயர் தெரியாத காட்டில் எவனோ அறைந்தது.
வெள்ளம் வரும்வரை மணலில் கிடந்து,
ஐராவதியில் மிதந்து, கப்பலில் உப்பு தின்று,
தொண்டியிலிருந்து மாடுகள் இழுத்து,
இங்கே வந்து எண்ணெய் குடித்துக் கறுத்தது.

விலை மதிக்க ஜபருல்லா வந்திருந்தார் காரைக்குடியிலிருந்து.
கண்ணால் பார்க்காதீங்க, தட்டுங்க, என்றார்.
விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனேன்.
ஒவ்வொன்றும் வேறு வேறு தொண்டையில்
உள்ளேதான் இருக்கிறேன் என்றது.

பதினேழாவது பேசவில்லை.

மறுபடி தட்டினேன். முட்டி வலித்ததுதான் மிச்சம்.
நகத்தால் சுரண்டினார் ஜபருல்லா.
வர்ணம். அதன் கீழே காரை. அதன் கீழே செங்கல்.
ஈர வர்ணத்தில் சீப்பை இழுத்து
ரேகை போட்டிருக்கிறான் எவனோ.
பீடத்துக்கு மேலே முத்திரையும் உண்டு, தூரிகையால்.
எண்ணைப் பதினாறாவதைப் பார்த்து எழுதிவிட்டான்:
இரண்டு தூணுக்கும் ஒரே எண்.
யாரும் குனியவில்லை.

பிரதிவாதி ஒன்பது, உமையாள்,
மதுரையில் மருந்துக் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர்,
சிரித்தார். எனக்குத் தெரியும், என்றார்.
மரம் வரவில்லையா பணம் வரவில்லையா, அது தெரியாது.
பரீட்சைக்குப் படிக்கையில் அதில்தான் சாய்வேன்.
சித்திரையில் அது மட்டும்தான் குளிரும்.

இருபத்துமூணையும் கழற்றிடலாம், என்றார் ஜபருல்லா.
லாரி எடுத்துப் போகும். இதுக்கு விலை இல்லை,
தூக்கினால் உதிர்ந்துடும்.
மற்றது போனபின் இது?
இது எங்க போகும், இங்கதான் நிக்கும்.
தலைக்கு மேலதான் ஒண்ணும் இருக்காது.

இரண்டு வக்கீல்களும் ஒரே மூச்சில் கேட்டார்கள்:
பதினேழாவது யார் பங்கில் விழுகிறது?
ராசப்பா டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

இரவில் அறிக்கை எழுதினேன்.
தூண்கள் இருபத்துநாலு.
தட்டியதில் ஒன்று சாட்சியம் சொல்ல மறுத்தது.
அதை அடித்துவிட்டு
செங்கல், காரை, வர்ணம், என்று எழுதினேன்.

படிவத்தில் இடம் இல்லாதது இது:
என் கண் உயரத்தில்
மரத்துக்கு இருக்குமே ஒரு முடிச்சு,
அதை அவன் இரண்டு தடவை வரைந்திருக்கிறான்.
முதல் தடவை சரியாக வரவில்லை.