நிஸ்மியாவின் மூடி

பன்னிரண்டரைக்கு
முதலில் எழும்புவது கோகுலன்தான்.
பசியில்லை;
பதிவறையில் காற்றாடிக்குக் கீழே இருக்கிற
அந்த ஒரு கதிரை.

சம்மாந்துறையில், நீர்ப்பாசனக் கந்தோரில்
ஐந்து பேர் நாங்கள்.
(ஆறு என்று எழுதிவிட்டு வெட்டினேன்.)

மேசைக் கண்ணாடியின் கீழ் வாய்க்கால் வரைபடம்.
கண்ணாடி வெடித்த இடத்தால் புளியாணம் இறங்கி
ஆறாம் வாய்க்கால் கடைக்கண்டம் வரை ஓடியிருக்கிறது.
அங்கே தண்ணீர் போய்ச் சேர்ந்தது
அந்த ஒரு முறைதான்.

முதல் கரண்டி மூடிக்கு,
பிறகுதான் சோற்றில் கை.
யார் வைத்த சட்டமோ தெரியாது.
மாட்டிறைச்சி கொண்டுவரும் நாளில்
உதுமாலெவ்வை கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்புவார்.
ஏனென்று ஒருவரும் கேட்டதில்லை.
வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆ முடிந்து வரும்வரை
அவர் பங்கில் ஈ மொய்க்காமல்
திருப்பி அனுப்பப்பட்ட வவுச்சர் ஒன்று
மூடிக்கு மூடியாகும்.

பிறேமினியின் மீன்கறியில் புளி கூட.
பதினொரு வருடம்.
இனிச் சொல்லவும் முடியாது.

லலந்த உகணையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வாறவன்.
முதல் மாதம் பெட்டியை மடியில் வைத்தே சாப்பிட்டான்.
நிஸ்மியா கேட்கவில்லை,
எட்டி எடுத்தாள்.
"பிஞ்சுப் பலாக்காய். மணத்திலயே தெரியும்."
அவனுக்குத் தமிழ் அவ்வளவு வராது.
அடுத்த நாள்
பெட்டி மேசையில் இருந்தது.

பிறகு அந்த வருடம்.
கேஸ் இல்லை. பெற்றோல் இல்லை.
நாங்கள் தண்ணீர் அளந்துவிட்ட வயலெல்லாம்
உரமில்லாமல் பதராய் நின்றது.
ஒரு திங்கட்கிழமை பெட்டிகள் திறந்தன:
மரவள்ளி.
மரவள்ளியும் கட்டைச்சம்பலும்.
மரவள்ளி.
லலந்த திறக்கவே இல்லை.
எங்களுக்கு மணத்திலேயே தெரிந்தது.

கரண்டும் இல்லை.
காற்றாடியின் மூன்று இறக்கையையும்
எண்ணிக்கொண்டிருந்தோம்.

நிஸ்மியா தன் மூடியைக் கவிழ்த்து நடுவில் வைத்தாள்.
ஒரு துண்டு கிழங்கு வைத்தாள்.
முறை முறைதானே.
கிழங்கைக் கொடுத்துக் கிழங்கை வாங்கினோம்.
"உங்கட நல்லா மாப்பிடிச்சிருக்கு."
"இதுல வேர் ஓடிட்டு, பாருங்க."
இறாலுக்கும் இப்படி
நியாயம் பேசினதில்லை நாங்கள்.

சம்பளமில்லாத ஐந்து வருட லீவுக்குச்
சுற்றறிக்கை வந்தது.
அந்த மேசையிலேயே படிவம் நிரப்பினாள்.
'காரணம்' என்ற கட்டத்தில்
சம்பல் எண்ணெய் ஒரு பொட்டு.
வேறு படிவம் எடுங்கள் என்றேன்.
"கிடக்கட்டும், அதுவும் காரணம்தானே" என்றாள்.

இப்போது சார்ஜாவில் ஒரு பல் வைத்தியசாலையில்
பெயர் பதிகிறாள்.
பெட்டியைக் கொண்டுபோனவள்
மூடியை மறந்துவிட்டாள்.
தபாலில் அனுப்பலாம் என்று
கோகுலன் விலை விசாரித்துவந்தான்.
விலை கூட என்றான்.
எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.
எங்கள் பெட்டிகள் ஒன்றுக்கும் பொருந்தாத மூடி
நடுவிலேயே கிடக்கிறது,
நாளுக்கு ஐந்து கரண்டி.

கடந்த புதன்கிழமை வீடியோவில் வந்தாள்.
இங்கே பன்னிரண்டரை, அங்கே பதினொன்று.
கையில் காகிதக் கோப்பைத் தேத்தண்ணி.
"இண்டைக்கு மூடியில என்ன?"
கோகுலன் போனைக் குனித்துக் காட்டினான்:
கணவாய், முருங்கையிலைச் சுண்டல்,
லலந்தயின் பலாக்காய்.
"அங்கால? பிறேமினிட மீனா?"
"ஓம்."
"இப்பவும் புளி கூடவா?"

காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது.
உதுமாலெவ்வை, இறைச்சி இல்லாத நாளில்,
சுவர்ப்பக்கம் திரும்பினார்.
பிறேமினி ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள்,
கையில் பிசைந்த சோற்றோடு.
கடைசியாக என்னை.

வியாழக்கிழமை
புளி குறைத்துக் கொண்டுவந்தாள்.
ஒன்றரை மணிக்கு
மூடியில் மற்றதெல்லாம் முடிந்திருந்தது,
மீன் அப்படியே கிடந்தது.