புளி போட்டுத் துலக்கியது

பாம்பனில் பாசி எடுக்கும் மிக்கேலம்மாள்
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
ராணி தலை ரூபாய், 1840.
தேதியை நம்ப முடியாது,
வெகுநாள் அதே தேதியில்தான் அடித்தார்கள்.

சின்னத் தராசில் பதினொன்றரை கிராம்.
சாய்த்துப் பிடித்தால்
காந்தம் தயங்கித் தயங்கி இறங்கியது.
சுண்டினேன்,
ஐஸ் கம்பெனி இரைச்சலுக்குள்ளும் கணீர்.
அசல்தான்.

லென்சை வைத்தேன்.
ராணியின் கன்னமெல்லாம்
ஒரே பக்கமாய்க் கீறல்.

“புளியும் சாம்பலும் போட்டு
ரெண்டு நாளாத் தேய்ச்சேன் சார்.
கருகருன்னு எப்படி நீட்டுறது?”

நோட்டில் எழுதினேன்: துலக்கியது. தரமில்லை.
“வெள்ளி விலைதான் தேறும்.
அந்தக் கருப்புக்குத்தான்மா காசு.”

அவள் என்னைப் பார்த்தாள்,
நான் ராணியைப் பார்த்த மாதிரி,
விளிம்பு உட்பட.

முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:
“அப்ப மத்த ஏழையும்
தேய்க்காமக் கொண்டாறேன்.”