இருபது கிலோவுக்குக் கீழே

மணலி ரோட்டில்
கன்டெய்னர் லாரிகளை எடை போடுகிறவன் நான்.
ஏத்து, நிறுத்து, எஞ்சினை அணை,
இறங்கி நில்லு என்பேன் ஜன்னல் வழியே.
கிராஸ், டேர், நெட்.
எட்டு வருடமாக இந்த மூன்று சொல்லில்தான் பிழைப்பு.

எங்கள் மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே உள்ளதெல்லாம்
அதன் கணக்கில் காற்று.
ஒரு குடம் தண்ணீர்,
கிளீனர் பையனின் துணிப்பை,
காக்கை உட்கார்ந்தாலும் எழுந்தாலும்
அந்தச் சிவப்பு எண்கள் அசையாது.

ஐப்பசி மழையில்
சுரங்கப்பாதை நிரம்பிக் கிடந்த இரவு
வினோலியாவுக்கு வலி கண்டது.
சுற்றுவழியாக ஆட்டோவை விட்டான் சம்மனசு.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
என் முழங்கையில் அவள் நகம் ஒரு பிறை வைத்தது.
திட்டினாள். யாரை என்று தெளிவில்லை.
கார்ப்பரேஷனாக இருக்கலாம்.

பிரசவ வார்டு வாசலோடு ஆண்கள் சரி.
வெளியே கம்பி வேலியோரம்
பேப்பர் விரித்துப் படுத்திருந்த கணவன்மார்
எனக்கும் ஒரு முழம் இடம் விட்டார்கள்.
யாரும் யாரையும் பேர் கேட்கவில்லை.
"உங்களுக்கு எத்தனாவது?" என்றார் ஒருவர்.
"மொத" என்றதும்
டீயை எனக்கு முதலில் நீட்டினார்.
மைக்கில் ஒரு பெண்ணின் பெயர் வரும்.
ஒருவன் செருப்பை மறந்து ஓடுவான்.
மூன்றரை மணிக்கு
நான் மறந்து ஓடினேன்.

பச்சைத் துணி. அதற்குள் ஒரு முகம்.
"பொண்ணு. ரெண்டு அறுநூத்தி நாப்பது" என்றார் நர்ஸ்,
மீன் விலை சொல்லும் அவசரத்தில்.
ஆயாம்மா கை நீட்டினார்:
பையன்னா ஆயிரம், பொண்ணுன்னா ஐநூறு.
ஆயிரமே கொடுத்தேன்.
சரக்கைப் பார்த்து ரேட்டு மாறுகிற மேடைக்கு
யார் முத்திரை குத்தினார்கள்?

கையில் வாங்கியபோது
பழக்கத்தில் தோள்கள் பாரத்துக்குத் தயாராயின.
பாரம் வரவில்லை.
வராததுதான் பயமாக இருந்தது.
மூச்சு மட்டும் வந்து போனது,
ஈ ஒன்று உட்கார்ந்து எழுகிற மாதிரி.

தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.
போன செக்கப்பில் வினோலியா அறுபத்தெட்டரை.
கிராஸிலிருந்து நெட்டைக் கழித்தால்
டேர் வரவேண்டும்.
உதடு வெடித்து, முடி நெற்றியில் ஒட்டி,
தையல் வலியில் கால் மடக்க முடியாமல் கிடந்தவள்
"மூக்கு உன்னுதுதான். பாவம்" என்றாள்.
இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி வண்டி இல்லை அவள்.
கணக்கைப் பாதியில் விட்டேன்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பும்போது
"ஒரு நிமிஷம் யார்டுக்குள்ள விடு" என்றேன்.
சம்மனசு சிரித்தான்.
மாமியார் தலையிலடித்துக்கொண்டார்.
முப்பது டன் நிற்கிற இரும்பில்
தாம்பாளத்தில் ஒற்றைக் கடலை மாதிரி நின்றது ஆட்டோ.
கேபினுக்குள் ஓடினேன்.
ஐந்நூற்று அறுபது.
போய்க் குழந்தையை வாங்கி வந்து பார்த்தேன்.
ஐந்நூற்று அறுபது.
கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன்.
ஐந்நூற்று அறுபது.

இந்த எந்திரத்தை நம்பி
எத்தனை டிரைவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

சீட்டு அடிக்க, சரக்கின் பெயர் கேட்டது திரை.
சிமென்ட், ஸ்கிராப், அரிசி, உரம்.
நாங்கள் இன்னும் பெயர் வைக்கவில்லை.
காலியாக விட்டால் அடிக்காது.
பட்டியலின் அடியில் 'இதர' என்றிருந்தது,
அதைத் தட்டினேன்.
பின்னால் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது.
பிறகு என்ன பார்த்தானோ,
விளக்கைத் தணித்துக்கொண்டு நின்றான்.

கொர்ரென்று வந்தது சீட்டு.
"எவ்ளோ காட்டுது?" என்றாள் வினோலியா.
"ஒண்ணும் காட்டல."
"இவளுக்குப் பசிக்குது. வண்டிய எடுக்கச் சொல்லு."