பதினோராம் பக்கத்து ஆகவே

வியன்னாவுக்குப் பதில் சொல்ல
மறுநாள் நள்ளிரவுதான் கெடு.
சோமேஷ் ஆற்றுப் பாலத்தில்,
கையுறையோடு சூரியகாந்தி விதை உரிக்கத் திணறிக்கொண்டே
நீ சொன்னாய், ருக்சாந்த்ரா:
பதினோராம் பக்கத்தில் ஓர் 'ஆகவே' இருக்கிறது,
அது பொய்.

பொய்யில்லை, திருத்திக்கொண்டாய்,
மெய்யென்று காட்டவில்லை, அவ்வளவுதான்.
அதன் முதுகில்தான்
மீதி முப்பது பக்கமும் ஏறி நிற்கின்றன.
அதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள்
நான்கு வருட உதவித்தொகையோடு உன்னை அழைத்திருக்கிறார்கள்.

நான் சிரித்திருக்கக் கூடாது.
எங்கள் அலுவலகத்தில் ஆகவேக்களே கிடையாது.
'இப்போதைக்கு' உண்டு.
'தற்காலிகம்' என்று குறிப்பெழுதிய நிரல் வரிகள் உண்டு;
எழுதியவருக்கு இப்போது டப்ளினில் இரண்டு குழந்தைகள்.
ஒரு டச்சு வங்கியின் வட்டிக் கணக்கில்
அரை சென்ட் எங்கே ஒழுகுகிறதென்று
பதினாறு நாள் தேடினேன்.
கிடைத்தது. கேக் வெட்டினார்கள்.
ஏன் ஒழுகியது என்று யாரும் கேட்கவில்லை.

இல்டிகோ காப்பீட்டுக் கம்பெனியில்
சாவுக்குச் சராசரி காண்கிறாள்.
ஹோரியா பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்துகிறான்.
இருவரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று கேள்வி.

சம்பளம் கேட்டாய், சொன்னேன்.
உன் அம்மா மருந்துக்கடை இரவுப்பணியில்
இரண்டு மாதம் நின்றால் வருவது.
நீ பேசவில்லை. டிராலிபஸ் ஒன்று
கம்பி உரசிக்கொண்டு போயிற்று.
எங்கள் மனிதவளப் பெண் உனக்கும் ஓர் இடம் வைத்திருந்தாள்,
ஜன்னலோரம்; நாற்காலியின் உயரம்கூட விசாரித்தாள்.

அன்றிரவு உன் ஆகவேயை
நாற்பது வரி நிரலாக்கி
கம்பெனிக் கணினியில், யாரிடமும் கேளாமல், ஓடவிட்டேன்,
எந்த எண்ணாவது உன்னைக் கவிழ்க்கிறதா பார்க்க.
காலை ஏழுக்கு ஒரு கோடி தாண்டியிருந்தது.
ஒன்றும் சிக்கவில்லை.
ஒரு கோடி! என்று போனில் கத்தினேன்.
எங்களிடம் இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறினாலே
வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவோம்.

"ஒரு கோடியா," என்றாய், வாய் நிறையப் பற்பசையோடு,
"அது தொடக்கம்கூட இல்லையே, சொங்கோர்."

மூன்று வருடமாக யாரும் என்னிடம்
இப்படிப் பேசியதில்லை.

வியன்னாவுக்கு எழுதியதைப் பிறகு காட்டினாய்.
நன்றி ஒரு வரி. ஓட்டை ஒன்பது வரி.
வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ
எங்கும் காணோம்.
அனுப்பும்போது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

ஜன்னலோர நாற்காலியை இன்னும் யாருக்கும் தரவில்லை.
நிரலை நானும் நிறுத்தவில்லை.
மதியச் சாப்பாட்டின்போது, கை துடைக்கும் தாளில்,
எண்கள் ஏன் உன் பக்கமே சாய்கின்றன என்று
எழுதிப் பார்க்கிறேன்.
நேற்று துணைத்தேற்றம் போல ஏதோ வந்தது.
சாஸ் கொட்டி இரண்டாம் வரி அழிந்துவிட்டது.
முதல் வரி இருக்கிறது:
எண் இரட்டைப்படை என்று கொள்க.