ஐந்து வெட்டு

வெட்டொன்று துண்டிரண்டு என்பது
பேச்சுக்குச் சரி.
இந்த மரத்துக்கு ஐந்து வெட்டு என்று
தாளில் படம் போட்டு
என் தபால் பெட்டியில் செருகியிருந்தாள் குன்வோர்.
இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.
என் பார்லி, அவள் கடா, என் வாய்,
மூன்றும் காரணம்.

கல்சுவரின் மேலேயே நின்றது அந்த ஆஷ் மரம்.
பாதி வேர் அவள் பக்கம், பாதி என் பக்கம்.
பூஞ்சை மட்டும் பாகம் பிரிக்கவில்லை.
மூன்று கோடையாய் உச்சி துளிர்க்கவில்லை.
நிழல் விழுந்த இடத்தில்
பள்ளிக்கூடப் பேருந்துக்குக் குழந்தைகள் நிற்பார்கள்.
நகராட்சி இரண்டு கையெழுத்துக் கேட்டது.
போட்டோம், வேறு வேறு நாளில்.

கோட்லாண்ட் தீவில் காற்றில்லாத பிப்ரவரி நாளை
விரல்விட்டு எண்ணலாம்.
அப்படி ஒன்றில் வந்தாள், ஆரஞ்சு ஹெல்மெட்டோடு.
முதலில் ரம்பத்தைத் தொடவே இல்லை.
கோடாரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினாள்.
இடுப்பளவில் கணீர்.
முழங்காலுக்குக் கீழே
ஈர மூட்டையைத் தட்டியது போல் மொத்தென்றது.
வெட்டும் கோட்டை ஒரு முழம் மேலே ஏற்றினாள்.

அப்புறம் நடந்தாள்.
மரத்துக்குப் பின்னால், ஒரு பக்கமாய்ச் சாய்ந்து,
இருபது அடி.
முள்ளை வெட்டி, கல்லைப் புரட்டித் தள்ளி
மறுபடி அதே இருபது அடி,
இந்த முறை உச்சியைப் பார்த்தபடி, பின்னங்காலாய்.
மரம் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி
டிராக்டரில் உட்கார்ந்து நான் சிரித்தேன்.
தூரம் அதிகம், போய்ச் சேரவில்லை.

ஆப்பு அடிக்கக் கூடாது இதற்கு.
அடிக்கிற அதிர்விலேயே
செத்த கிளை தலையில் இறங்கும்.
அதனால்தான் கம்பிவடம், அதனால்தான் வின்ச்,
வேறு யாரிடமும் வின்ச் இல்லாததால்தான் நான்.

கையைச் சுழற்றினால் இழு.
கீழே அழுத்தினால் தளர்த்து.
தலைக்கு மேல் தூக்கினால் நில்.
இரண்டு வருடத்தில்
நாங்கள் ஒத்துக்கொண்ட சொற்கள் இவ்வளவுதான்.

விழ வேண்டிய பக்கம் வாய் பிளக்க இரண்டு வெட்டு.
இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று,
அலகின் முனையை நெஞ்சுக்குள் இறக்கி.
முன்னால் நாலு விரற்கடை கீலாக விட்டாள்.
பின்னால் ஒரு பட்டை மட்டும் பிடித்திருந்தது,
தாழ்ப்பாள் போல.
பின்னிருந்தே அறுத்துக்கொண்டு போனால்
ஆஷ் பாதியில் நெட்டுக்குப் பிளக்கும்,
பிளந்தது ஆளை உதைக்கும்.
அது தாளில் சிவப்பு மையில் இருந்தது.

கை சுழன்றது.
வடம் விறைத்தது.
கை உயர்ந்தது. நின்றேன்.
ஐந்தாவது வெட்டு.

சத்தம் எனக்குத் தாமதமாய் வந்தது.
அதற்குள் அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள்,
ஓடவில்லை,
ஏற்கெனவே நடந்து வைத்திருந்த இருபது அடியை
எடுத்துப் போட்டுக்கொண்டது போல.
மரம் முன்னால் சாய்ந்தது.
உச்சி மட்டும் முறிந்து பின்னால் வந்தது,
என் தொடை கனம்,
மஞ்சள் தூள் குவியலின் நடுவே
அவள் முழங்கால் பதிந்த பள்ளத்தில் குத்தி நின்றது.

இயந்திரத்தை அணைத்தேன். கை நடுங்கிச்
சாவி இரண்டு தடவை வழுக்கியது.

அவள் வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்,
இனி அங்கே எதுவும் இல்லையென்று
உறுதியாகும் வரை.
பிறகு இரண்டு கையையும் அகல விரித்தாள்.
இதற்கு என்ன அர்த்தம் என்று
நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.
நானும் விரித்தேன்.

நேற்றுத் தபால் பெட்டியில் இன்னொரு தாள்:
'கடாவை விற்றாயிற்று.
மரம் உன் பக்கம் விழுந்ததற்காக
விறகு முழுவதும் உன்னுடையது ஆகாது.'
பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
பாதி என்று எழுதலாமா
அல்லது வந்து காட்டு என்று எழுதலாமா
எந்தப் பாதி என்று.